நேர்த்திக்குப் போட்ட கூரை

சினியோரா கிளறாவின் வீட்டில் தயிர்க் கோப்பையைக்கூடக் கழுவித்தான் குப்பையில் போட வேண்டும். கோப்பைக்கு ஒரு பை, அதன் வாயை மூடியிருந்த வெள்ளித்தாளுக்கு வேறொரு பை. ஒருமுறை அந்த வீட்டில் வேலை செய்கிற ரதி அவசரத்தில் இரண்டையும் சேர்த்து எறிந்துவிட்டாள். அன்றைக்கு சினியோரா அவளை நிறுத்திவைத்துக் கடலைப் பற்றியும் கடலாமைகளைப் பற்றியும் ஒரு பிரசங்கமே வைத்தாள். ரதி தலையாட்டிக்கொண்டு நின்றாள். பிரான்காச்சோவில் என் வீட்டு வாசலில் மலையாய்க் குவிந்து கிடக்கிற குப்பையை ஒருநாள் வந்து பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இந்த இத்தாலி நகரத்தின் பணக்காரப் பகுதியான லிபெர்த்தாவின் பெரிய வீடுகளில் வேலை செய்கிற நம்முடைய தமிழ்ப் பெண்களுக்கு மனதுக்குள் கதைப்பதில் நல்ல பழக்கம்.

அன்றும் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோதுதான் கிருபன் போன் எடுத்தான். கிருபன் அவள் புருஷன். வேலை நேரத்தில் போன் எடுக்கிற ஆள் இல்லை.

"பொலிஸ் வந்திட்டுப் போகுது," என்றான்.

"என்னத்துக்கு? விசா, பெர்மெஸோ விசயமோ?"

"இல்லை. குப்பை விசயம்."

ரதிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவர்கள் தெருவில் பழைய மெத்தை, உடைந்த பிரிட்ஜ், ஓட்டைக் கதிரை என்று ஊரே கொண்டுவந்து கொட்டுகிறது. லொறி வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அந்த மலையில் யார் எதைப் போட்டது என்று பார்க்க ஒரு பொலிஸா?

"அங்கை கமரா வைச்சிருந்தவையாம், ரதி. நான் போட்ட கூரைச் சீற்றுத் துண்டுகள் வடிவா விழுந்திருக்காம். மீன்காரக் கிறிகோரியின்ரை லாப்பா வண்டி நம்பரை வைச்சு அவனைப் பிடிச்சு, அவன் என்னைச் சொல்லிப்போட்டான். அது நஞ்சுச் சாமானாம். ஏத்தினதும் குற்றமாம், எறிஞ்சதும் குற்றமாம். தண்டத்தோடை போற விசயம் இல்லையாம், கோட்டுக்குப் போகுமாம்."

"எந்தச் சீற்று?"

"வேறை எந்தச் சீற்று? உம்முடைய சினியோராவின்ரை மொட்டைமாடிச் சீற்றுத்தான்."

ரதி குழாயைப் பூட்டினாள். பக்கத்து அறையில் சினியோரா தன் பூனையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

விசயம் தொடங்கியது ஒரு நல்ல காரியத்தில்தான். நாசமாய்ப் போகிற விசயங்கள் அநேகமாக அப்படித்தான் தொடங்குகின்றன. சினியோராவின் மொட்டைமாடியில் உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்று இருந்தது. சாம்பல் நிறத்தில் அலை அலையாய்ப் பழைய சீற்றுக் கூரை. ஓரிடத்தில் உடைந்து ஒழுகியது. "உன் கணவர் கைவேலை தெரிந்தவர் அல்லவா, ரதி? அதைக் கழற்றிக் கொண்டுபோகச் சொல். நல்லவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்," என்று சினியோரா மாசி மாதத்தில் ஒருநாள் சொன்னாள். கிருபன் வந்தான், ஏறினான், கழற்றினான். அன்றைக்கு சினியோரா வீட்டு யன்னல்கள் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தியிருந்தாள். பூனையைக் கூடையில் வைத்துத் தங்கை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பூனைக்குச் சத்தம் பிடிக்காதாக்கும் என்று ரதி நினைத்துக்கொண்டாள். மடச்சி.

கிருபனுக்கோ கண்ணெல்லாம் அந்தச் சீற்றில். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குச் சீற்றுப் போட்டவனை ஓலைவீட்டுக்காரன் மரியாதையோடு பார்த்த காலத்தில் வளர்ந்தவன் அவன். ஒரு வெடிப்பில்லாத சீற்றை எறிவதென்றால் அவனுக்குச் சோற்றை எறிகிற மாதிரி. அதோடு அவர்களுக்கு ஒரு நேர்த்தி வேறு பாக்கி இருந்தது. போனமுறை இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸோவைப் புதுக்கக் கொடுத்துவிட்டு, வருமோ வராதோ என்று மாதக்கணக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தின் வாசலில் காய்ந்தபோது, ரதி பிரான்காச்சோப் பிள்ளையாரிடம் ஒன்று சொல்லிவைத்தாள். பெர்மெஸோ ஒழுங்காக வந்தால் உன்னுடைய மடைப்பள்ளிக்குக் கூரை போட்டுத் தருகிறோம் என்று. பிள்ளையார் தன் பங்கைச் செய்துவிட்டார். இவர்கள்தான் செய்யவில்லை.

அந்தக் கோயில் முன்பு காருக்குப் பெயின்ற் அடிக்கிற பட்டறையாக இருந்த இடம். வாடகைக்கு எடுத்துப் பிள்ளையாரை வைத்திருந்தார்கள். பின்முற்றத்தில் தறப்பாள் கட்டிச் சமைத்தார்கள். மழை பெய்தால் சாம்பார் தண்ணீராகும். ஆகவே சினியோராவின் சீற்றுப் பிள்ளையாரே அனுப்பியதாகத்தான் இருவருக்கும் பட்டது. "கொஞ்சம் பழசாக் கிடக்கே," என்று ரதி கேட்டதற்கு, "தானம் தந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே?" என்றான் கிருபன்.

பல்லரோச் சந்தையில் மீன் விற்கிற கிறிகோரியிடம் மூன்று சில்லு லாப்பாவை இரவல் வாங்கி ஏற்றினான். கோயில் முற்றத்தில் வைத்து அளந்து கைவாளால் அறுத்தான். வெள்ளைத் தூள் பறந்து தலை, மீசை, கை எல்லாம் படிந்தது. கோயில் சபைத் தலைவர் அம்பலவாணர் வந்து பார்த்துவிட்டு, "கிருபன், இண்டைக்கு நீர்தான் ஐயர். உடம்பு முழுக்கத் திருநீறு," என்று பகிடி விட, எல்லோரும் சிரித்தார்கள். மகள் ஜெனனி முற்றத்தைக் கூட்டி அள்ளினாள். கூரை ஏறியது. கற்பூரம் காட்டினார்கள். மிஞ்சிய உடைசல் துண்டுகளைக் கிருபன் அதே லாப்பாவில் ஏற்றிப்போய்த் தெருவில் இருந்த குப்பை மலையில் போட்டுவிட்டு வந்தான். ஊரே போடுகிற இடம்தானே.

மறுநாள் ரதி வேலைக்குப் போனபோது சினியோராவின் மகன் லூக்கா வரவேற்பறையில் இருந்தான். லூக்கா சட்டத்தரணி. ரதி முந்தின நாளே சினியோராவிடம் விசயத்தைச் சொல்லியிருந்தாள், உதவி கிடைக்குமென்று நம்பி. ஏழு வருடமாக அந்த வீட்டில் இருக்கச் சொல்லாத கதிரையில் அன்றைக்கு அவளை இருக்கச் சொன்னார்கள். அவள் விளிம்பில் இருந்தாள்.

"பயப்படாதே," என்றான் லூக்கா. "உன் கணவர் அந்தத் துண்டுகளைத் தெருவில் கண்டெடுத்தார். எதற்காவது உதவும் என்று எடுத்தார், உதவாது என்று தெரிந்ததும் போட்டுவிட்டார். என்ன சாமான் என்றே அவருக்குத் தெரியாது. இப்படிச் சொன்னால் நானே கூட வந்து பேசி, இடத்தைச் சுத்தம் செய்யும் செலவைக் கட்டி, வழக்கு இல்லாமல் முடித்துவிடுவேன். உங்களிடம் ஒரு சதமும் வேண்டாம்."

"ஆனால் அவை இந்த வீட்டுக் கூரை, லூக்கா."

சினியோரா பூனையைத் தடவிக்கொண்டிருந்தாள். லூக்கா தாயைப் பார்க்கவில்லை. "அப்படியும் சொல்லலாம். கமராவில் இருப்பது உன் கணவர். அம்மா இல்லை. இங்கிருந்து எடுத்ததென்றால் நிரூபிக்க வேண்டும். துண்டுகள் கொஞ்சம்தானே அங்கே கிடந்தன. முழுக் கூரையின் மீதி எங்கே?"

 மீதி பிள்ளையாரின் மடைப்பள்ளிக்கு மேலே இருந்தது.

"அடுத்த மாதம் பெர்மெஸோ புதுக்க என்னுடைய ஒப்பந்தக் கடிதம் வேண்டும் அல்லவா?" என்றாள் சினியோரா மெதுவாக. ரதியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நான் எப்போதும் உன் பக்கம்தான், ரதி. உனக்குத் தெரியும்."

நல்ல மெத்தென்ற கை. கிருபனுக்கு நிரந்தர வேலை கிடையாது. அவனுடைய பெர்மெஸோவும் ஜெனனியுடையதும் ரதியின் வேலை ஒப்பந்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கை விட்டால் மூன்று பேரும் விழுவார்கள். பூனையைத் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோன காரணம் அந்தக் கதிரையில் வைத்துத்தான் ரதிக்கு விளங்கியது. பூனையை எடுத்தவளுக்கு, ஏணியில் நின்றவனிடம் ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருக்கவில்லை. ரதிக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் எழும்பிப் போய்க் கோப்பி வைத்தாள்.

வீட்டுக்கு வந்தால் ஜெனனி போனைப் பார்த்துக்கொண்டு சமையலறைச் சோபாவில் சுருண்டு கிடந்தாள். பதினாலு வயது. தாய் தகப்பனுக்கு விளங்காத எதையும் போனில் தேடிப் பிடித்துவிடுவாள்.

"அமியாந்தோ அம்மா அது, அஸ்பெஸ்டஸ். தூள் மூச்சுக்குள்ளை போனால் திரும்பி வராதாம். உடனை ஒண்டும் தெரியாதாம். கனகாலம் போனபிறகுதானாம் வருத்தம் வரும்."

"ஊரிலை எல்லா வீட்டிலையும் உதுதான் கிடந்தது," என்றான் கிருபன். அவனுக்கே அது ஒட்டவில்லை. "முழுசாக் கிடக்கேக்கை ஒண்டும் செய்யாதெண்டு போட்டிருக்கோ?"

"முழுசாக் கிடந்தால் பெரிசா இல்லை. உடைச்சால், அறுத்தால்தான் கூட. அப்பா நீங்கள் வாளாலை அறுத்தனீங்கள்." அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "நான் கூட்டினனான்."

 ரதி மகளின் தலையைத் தடவப் போனாள். அந்தத் தலையில் அன்றைக்கு எவ்வளவு தூள் படிந்திருந்தது என்று நினைப்பு வந்தது. தானே அதைத் துவாயால் தட்டிவிட்டுச் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

அம்பலவாணரிடம் போனார்கள். வேறு யாரிடம் போவது. மனிதர் கோயிலுக்காக ஓடியோடிக் காசு சேர்த்தவர், கெட்டவர் இல்லை. முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இதைப் பொலிசிலை சொன்னால் என்ன நடக்கும் தெரியுமே? நாளைக்கே கோயிலைப் பூட்டிச் சீல் வைப்பான். கட்டிடச் சொந்தக்காரன் எப்ப எங்களைக் கிளப்பலாம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறான். திருவிழா கிட்ட வருது. வேறை இடம் ஆர் தருவான்?"

"பிள்ளையள் அதுக்குக் கீழைதானே இருந்து சாப்பிடுதுகள், அண்ணை," என்றான் கிருபன்.

"நானும் உந்தச் சீற்றுக்குக் கீழைதான் பிறந்தனான், கிருபன். ஆர் செத்தது?" அம்பலவாணர் குரலைத் தணித்தார். "நேர்த்திக்குக் குடுத்த சாமான். பிள்ளையாருக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? திருவிழா முடியட்டும், பேந்து பாப்பம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவர்களுக்கு அந்தக் குரங்கு பிள்ளையாரின் கூரையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் சினியோராவின் கடிதம் போகும், கோயில் போகும். சொல்லாவிட்டால் கூரை இருக்கும். ரதி இரண்டு கிழமை இதையே உருட்டிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் உருட்டினாலும் சுவர்தான் வந்தது.

விசாரணைக்குப் போன நாளில் அதிகாரி ஒரு பெண். களைத்த முகம், ஆனால் கடுமை இல்லை. மேசையில் லாப்பாவின் படம் இருந்தது. படத்தில் கிருபன் துண்டுகளைக் குப்பையில் மெதுவாக, அடுக்கி வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தான். மற்றவர்களைப் போல் எறிந்துகூட இருக்கவில்லை, பாவி மனிதன்.

கிருபனுக்கு இத்தாலியன் மொழி கடைக்கும் பஸ்ஸுக்கும் காணும், பொலிசுக்குக் காணாது. "மொழிபெயர்ப்பவர் வர நாளெடுக்கும். உங்களுக்குச் சம்மதமென்றால் மனைவி சொல்லலாம்," என்றாள் அதிகாரி. லூக்கா உடனே சம்மதம் என்றான். அப்படி ரதி தன் புருஷனின் வாயானாள்.

முதலில் எல்லாம் லூக்கா கட்டிக்கொடுத்தபடியே போனது. கிருபன் தமிழில் எதையோ முணுமுணுப்பான், ரதி தெருவில் கண்டெடுத்த கதையைச் சொல்வாள், அதிகாரி அதைக் கணினியில் தட்டுவாள். கிருபன் வீட்டிலேயே அதற்குத் தலையாட்டியிருந்தான். பிறகு அதிகாரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒன்று கேட்கிறேன். அவரிடம் சரியாகச் சொல்லுங்கள். இந்தச் சாமான் வேறெங்காவது இருக்கிறதா? யாரும் குடியிருக்கிற, புழங்குகிற இடத்தில்? இருந்தால் இப்போது சொல்லுங்கள், நாங்கள் ஆளனுப்பி எடுப்போம். எனக்கு அதுதான் முதல், வழக்கு பிறகு. இன்றைக்கு இல்லையென்று எழுதிவிட்டு நாளைக்குக் கிடைத்தால் அது முழுக்க உங்களுடையது. அப்போது என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

ரதி ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள். அதை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

கிருபன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஓம் எண்டு சொல்லும், ரதி. கோயில் மடைப்பள்ளியிலை கிடக்கெண்டு சொல்லும். பிள்ளையள் சாப்பிடுற இடம். என்னைப் பிடிச்சால் பிடிக்கட்டும். இந்த மனுசி நல்ல மனுசி, சொல்லும்."

லூக்கா ரதியைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கிருபனின் பதில் நீளமாகப் போனது அவனுக்கு விளங்கியது. அவன் தன் தோற்பையைத் திறந்து மூடினான். தாயின் ஒப்பந்தக் கடிதம் அதற்குள்தான் இருந்தது. காலையில் கார் ஏறும்போது ரதிக்குக் காட்டியிருந்தான், இன்னும் கையெழுத்து இடாத கடிதம். ரதிக்கு ஜெனனியின் முகம் வந்தது. பள்ளிக்கூடம், அவளுடைய சிநேகிதிகள், இந்த ஊரைத் தவிர வேறு ஊர் தெரியாத அவளுடைய பேச்சு. அதே பிள்ளை விளக்குமாறோடு கோயில் முற்றத்தில் நின்றதும் வந்தது. இரண்டும் ஒரே பிள்ளைதான். ஒன்றைக் காப்பாற்ற மற்றதை விடவேண்டியிருந்தது.

"இல்லையாம்," என்றாள் இத்தாலியனில். "வேறெங்கும் இல்லையென்று சொல்கிறார்."

இல்லை என்ற சொல் கிருபனுக்கு எந்த மொழியிலும் விளங்கும். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். ரதி மேசையைப் பார்த்தாள். அவன் அந்த நேரம் தன் உடைந்த இத்தாலியனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதிகாரி தள்ளிய தாளில் கையெழுத்து வைத்தான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மட்டும், "மனுசியைப் பொய்க்காரியாக்கிப்போட்டு நான் எங்கை போறது?" என்றான். பிறகு வாரக்கணக்காக அவளோடு அவன் பேசியது அவ்வளவுதான்.

வழக்கு மூடப்பட்டது. லூக்கா சொன்னதைச் செய்தான், அதை மறைக்கக்கூடாது. சினியோரா கடிதம் கொடுத்தாள். பெர்மெஸோ இந்தமுறை வெகு கெதியாக, இழுபறி இல்லாமல் வந்தது. தெரிந்தவர்கள் எல்லாம், "உங்களுக்குப் பிள்ளையாரின்ரை அருள்," என்றார்கள். ரதி சிரித்துவைத்தாள். கள்ளனுக்குத் தேள் கொட்டினால் அவன் வாய்விட்டுக் கத்தவா முடியும்?

திருவிழா வந்தது. ஜெனனி கோயிலுக்கு வந்தாள், ஆனால் உள்ளே வரவில்லை. வெளி வாசலில் நின்றுகொண்டு, "எனக்குப் பசிக்கேல்லை," என்றாள். கிருபன் அவளோடு நின்றான். ரதி மடைப்பள்ளியில் அன்னதானத்துக்குச் சோறு போடப் போனாள். சின்னப் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக இருந்தார்கள். முதல் பந்தியில், கோயிலுக்கு வருகிற மொரீஷியஸ்காரி லில்லியானுடைய பேரன் எத்தான் நடக்கத் தொடங்கிய கால்களோடு தள்ளாடிக்கொண்டு திரிந்தான்.

கடல்பக்கமிருந்து காற்று ஒன்று எழும்பியது. கூரை கடகடத்தது. கிருபன் ஆணி அறைந்த ஓட்டையொன்றிலிருந்து ஏதோ உதிர்ந்து சோற்றுக் கிடாரத்துக்குள் விழுந்தது. தூசியோ, துருவோ, வெறும் காய்ந்த இலைச் சருகோ. ரதி குனிந்து பார்த்தாள். வெள்ளைச் சோற்றில் வெள்ளைத் தூள் எப்படித் தெரியும்?

அவள் கிடாரத்தை மூடினாள். "சோறு அடிப்பிடிச்சுப் போச்சு," என்று சத்தமாகச் சொன்னாள். "ஆருக்கும் போடவேண்டாம். பிள்ளையளை முன்மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, பழமும் வடையும் குடுப்பம்." இருந்த பெண்கள் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அடிப்பிடித்த மணம் ஒருவருக்கும் வரவில்லை. ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவது பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று ரதிக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பேருக்கும் சமைத்த சோற்றை அவளே பைகளில் அள்ளிக் கட்டினாள்.

பின்னேரம் கிருபனிடம் போய், "கழட்டுவம்," என்றாள். அவன் தலையாட்டினான்.

அம்பலவாணர் முதலில் கோபித்தார், பிறகு ரதியின் முகத்தைப் பார்த்துக் கோபத்தை விட்டார். "கழட்டுங்கோ. பழையபடி தறப்பாளைக் கட்டுவம். எங்கை கொண்டுபோறியள் எண்டு மட்டும் எனக்குச் சொல்லாதேங்கோ."

ஜெனனி போனில் பார்த்துச் சொன்னபடி செய்தார்கள். தண்ணீர் தெளித்து நனைத்தார்கள். மூக்கைக் கட்டினார்கள். உடையாமல் இறக்கிக் கறுத்தப் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டினார்கள். ஜெனனியைக் கிட்ட வர விடவில்லை. போட்டிருந்த உடுப்பையும் கழற்றி அந்தப் பொதியோடு சேர்த்துக் கட்டினார்கள். எல்லாம் சரி. இனி எங்கே?

தெருவில் போட முடியாது, கமரா. கிறிகோரியிடம் லாப்பாவைக் கேட்டால், "என்ரை நம்பர் ஒருக்காப் போனது காணும்," என்றான். இந்தச் சாமானை ஒழுங்காக எடுக்கிற கொம்பனியொன்றுக்கு ஜெனனி போன் போட்டாள். எந்தக் கட்டிடத்துக் கூரை, உரிமையாளர் யார், பெயரும் விலாசமும் சொல்லுங்கள், அதிகாரிகளுக்கு அறிவித்துத்தான் எடுப்போம் என்றார்கள். ஜெனனி போனை வைத்துவிட்டாள். களைத்த முகத்து அதிகாரியைக் கூப்பிடலாம். இன்றைக்கு இல்லையென்று எழுதிவிட்டு நாளைக்குக் கிடைத்தால் உங்களுடையது என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ரதிதான் அதைத் தமிழில் அவ்வளவு வடிவாக எடுத்துச் சொன்னாள்.

கடைசியில் ரதி, வெட்கம் மானத்தை விட்டு, சினியோராவிடமே கேட்டாள். மொட்டைமாடியில் புதுக் கூரை பளபளத்தது. அதன் கீழ் ஜெரேனியம் சாடிகள். அதற்கு நடுவில் சினியோரா பூனையோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தாள்.

"சினியோரா, உங்கள் சீற்று எங்களிடம் பொதி கட்டி இருக்கிறது. உங்கள் வீட்டுக் கூரையென்று நீங்கள் சொன்னால் அவர்கள் வந்து சட்டப்படி எடுப்பார்கள். வேறு வழி இல்லை."

சினியோரா உண்மையாகவே அதிசயப்பட்டாள். அப்படித்தான் தெரிந்தது. "எந்தச் சீற்று, ரதி?"

ரதி தலைக்கு மேலிருந்த புதுக் கூரையைக் கையால் காட்டினாள்.

"உன் கணவர் தெருவில் எடுத்தது என்றல்லவா அங்கே எழுதியிருக்கிறது? நீதானே மொழிபெயர்த்துச் சொன்னாய்." சினியோரா அவள் கையைத் தொட்டாள். அதே மெத்தென்ற கை. "போ கண்ணே, இந்தச் சாடிகளுக்குத் தண்ணீர் விடு. வாடுகின்றன."

ரதி தண்ணீர் விட்டாள். பிறகு கீழே வந்து தயிர்க் கோப்பையைக் கழுவி, வெள்ளித்தாளைக் கிழித்து, அதனதன் பையில் போட்டாள். கடலாமை ஒன்றுக்கும் அவளால் தீங்கு வரவில்லை.

கிருபன் அறுத்த அளவில் சீற்றுகள் கட்டை. இரண்டு பேர் தூக்கக்கூடியவை. கோயிலுக்கும் வீட்டுக்கும் இரண்டு தெருதான். பட்டப்பகலில், ஆட்கள் பார்க்க, பழைய அலுமாரிப் பலகை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிரான்காச்சோவில் எதையாவது வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோனால்தான் கமரா பார்க்கும், உள்ளே கொண்டுபோனால் யாருக்கு என்ன? பல்கனி கைப்பிடி ஆடியது, பாரம் தாங்காது. குளியலறையில் இடமில்லை. சமையலறையில் ஜெனனி படுக்கிறாள். ஆகவே தங்கள் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்கள். அங்கே கிடந்த சூட்கேஸைச் சுவரோரமாகத் தள்ளித்தான் இடம் எடுக்க முடிந்தது. பாஸ்போட், பெர்மெஸோ, கல்யாணப் பதிவு எல்லாம் அந்தச் சூட்கேஸுக்குள்தான். இனி அதை எடுக்க வேண்டுமென்றால் முதலில் சீற்றை வெளியே இழுக்க வேண்டும்.

"எவ்வளவு காலத்துக்கு, அம்மா?" என்று ஜெனனி அறை வாசலில் நின்று கேட்டாள்.

"ஒரு வழி கிடைக்கிற வரைக்கும்," என்றாள் ரதி. ஜெனனி அறைக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

ஞாயிறு மத்தியானம் ரதி கட்டிலில் சரிந்தாள். அது சினியோரா புதுக்கட்டில் வாங்கியபோது தந்த பழைய கட்டில். நடுச் சட்டம் எப்போதோ முறிந்து, ஆள் படுத்தால் தொய்ந்து கீழே இறங்கும். முன்பு அதில் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது பொலித்தீன் சரசரக்கும் சத்தம் கேட்டது, முதுகுக்கு நேர் கீழே.

கிருபன் வந்து மற்றப் பக்கம் படுத்தான். வாரக்கணக்காகப் பேசாதவன் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ரதிக்கு அழுகை வந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளலாமென்று அசைந்தாள்.

"மெதுவாத் திரும்பும்," என்றான் கிருபன். "உடைஞ்சால் தூள் பறக்கும்."

ரதி திரும்பாமல் அப்படியே கிடந்தாள்.